கோத்தகிரியில் கூடும் இளம் அமைதிப் பணியாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய வீடு. போரும் கலவரமும் கண்ட பகுதிகளிலிருந்து வரும் இளைஞர்களை அங்கே ஒன்றாகத் தங்கவைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்கிறோம். நாங்கள் ஒரு சிறு குழு, அவ்வளவுதான். விண்ணப்பிப்பவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், இந்த ஊர்க்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீளும். அவசரமாகச் சொல்லிவிட முடியாத விஷயங்கள் அவை.

அப்படி என்னதான் செய்வீர்கள் அங்கே?

காலையில் ஒருவர் தன் ஊரில் நடந்ததைச் சொல்வார். மற்றவர்கள் கேட்பார்கள். கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. இது ஒன்றுதான் காலை நேரத்துக்கான கட்டுப்பாடு. கடைப்பிடிப்பது லேசில்லை. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டதும் "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாமே" என்று வாய் வரைக்கும் வந்துவிடும்.

மதியத்துக்கு மேல் கைவேலை. ஒரு வதந்தி எந்த வழியாகப் பரவியது என்று சார்ட் காகிதத்தில் வரைவது, கோபத்தில் இருக்கும் கூட்டத்திடம் முதல் வாக்கியம் என்ன பேசுவது என்று நடித்துப் பார்ப்பது, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு சம்பவத்தை எழுதிப் பார்ப்பது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஒரு பத்தி எழுத ஒரு மதியம் முழுக்கப் போய்விடும்.

யார் வரலாம்?

18 முதல் 29 வயது வரை உள்ளவர்கள். ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 டிசம்பரில் நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம் இளைஞர் என்று இந்த வயதினரைத்தான் கொள்கிறது. அதற்கு முன்பெல்லாம் போர் பற்றிய பேச்சில் இளைஞன் என்றால் ஒன்று துப்பாக்கி தூக்கியவன், இல்லாவிட்டால் செத்துப்போனவன். முடிவெடுக்கும் இடத்தில் அவர்களும் உட்கார வேண்டும் என்று பாதுகாப்பு சபை தனித் தீர்மானமாகவே சொன்னது அப்போதுதான்.

பட்டம் வேண்டாம், அமைப்பு எதிலும் உறுப்பினராக இருக்க வேண்டாம். ஆட்டோ ஓட்டுபவர், நர்சிங் படிப்பவர், கடலுக்குப் போகிறவர் எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஊரில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் கால்பந்து அணி என்றாலும் சரி, நிவாரண முகாமில் இருப்பவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது என்றாலும் சரி.

ஏன் நீலகிரி? குளிர்ச்சியான இடம் என்பதாலா?

இல்லை. இந்த மலையே இடம்பெயர்ந்தவர்களின் மலை என்பதால்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆகியிருந்தார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. அந்த மிச்சத்தையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, அப்புறம் இங்கே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் தமிழக அரசு தொடங்கியதுதான் இன்று டான்டீ என்று நாம் சொல்லும் தேயிலைத் தோட்டக் கழகம். தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினார்கள். ஊரில் சிலோன்காரங்க என்றார்கள்.

இந்தக் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகாமல் எங்கள் சந்திப்பு எதுவும் முடிவதில்லை. ஒருமுறை கூடலூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுப் பாட்டி எல்லோருக்கும் சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத டீ, கொடுத்துக்கொண்டே வந்தார். வந்திருந்தவர்களில் ஒரு சிங்களத் தம்பியிடம் "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். பண்டாரவளை என்றதும் தட்டை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு, நினைவில் இருந்த சிங்களத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். எண்கள், காய்கறிப் பெயர்கள், கடையில் விலை கேட்கும் பேச்சு. அந்தத் தம்பி பதில் சொல்லச் சொல்லப் பாட்டிக்கு இன்னும் இன்னும் ஞாபகம் வந்தது. "எங்க தோட்டத்துக்குக் கீழதான் உங்க ஊரு. எங்க அண்ணன் அங்கயே நின்னுட்டாரு" என்றார். தன் ஊர் மலையிலிருந்து இப்படி ஒரு ஜனமே பெயர்த்து அனுப்பப்பட்டதை இதுவரை தனக்கு யாரும் சொன்னதில்லை என்று அந்தத் தம்பி அன்று இரவு எங்களிடம் சொன்னார். கூட வந்திருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் அதையேதான் சொன்னார். அது எங்களை இன்னும் யோசிக்க வைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1928இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார், தாகூரோடும் காந்தியோடும் பணி செய்தார். பின்னாளில் கோத்தகிரியில் குடியிருந்து, கலவரம் நடக்கும் இடத்துக்கு ஆயுதமில்லாமல் போய் நிற்கும் சாந்தி சேனைத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1964இல் நாகாலாந்தில் போர்நிறுத்தம் வந்தபோது, அது மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பார்வையாளர் குழுவில் சேர்ந்து அங்கே போனார். வடகிழக்குக்கும் இந்த மலைக்கும் அமைதிப் பணியில் அன்றே தொடர்பு விழுந்துவிட்டது. நாகாலாந்திலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வரும்போது அதை நாங்கள் கட்டாயம் சொல்கிறோம்.

ஒவ்வொரு நாட்டுப் பிரச்சினையும் வேறு. ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

வேறுதான். மதம், மொழி, நிலம், பதவி என்று காரணங்கள் மாறும். ஆனால் ஒரு தெரு பற்றி எரியும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. அதனால் அணைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம்.

வதந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கத்தோலிக்கர் தெருவையும் புராட்டஸ்டன்ட் தெருவையும் பிரித்துச் சுவர் நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் இருந்த சமூகப் பணியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். இந்தப் பக்கம் சிலர் கையில் மொபைல், அந்தப் பக்கம் சிலர் கையில் மொபைல். "உங்கள் பசங்கள் கல்லோடு வருகிறார்களாமே?" என்று இங்கிருந்து போன். "இல்லை, அது ஊர்வலம், நான் கூடவே நடக்கிறேன்" என்று அங்கிருந்து பதில். தொழில்நுட்பம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த எண்ணை வாங்குவதற்கு வருஷக்கணக்கில் நம்பிக்கை சேர்க்க வேண்டியிருந்தது.

இதைக் கேட்ட மணிப்பூர்ப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 2023 மே 3ஆம் தேதி அங்கே மெய்தேய், குக்கி மக்களுக்கிடையே கலவரம் வெடித்தபோது, வேறு எங்கோ நடந்த கொலையின் படம் மணிப்பூரில் நடந்ததாகக் கைக்குக் கை பரவியது. அரசு இணையத்தை நிறுத்தியது. பொய்யும் நிற்கவில்லை, பொய் என்று சொல்ல வழியும் இல்லாமல் போனது. அறுபதாயிரத்துக்கு நெருக்கமானவர்கள் வீடு விட்டு ஓடினார்கள். "அந்த ராத்திரி எதிர்ப்பக்கத்தில் நம்பி போன் செய்ய என்னிடம் ஒரு எண் இருந்திருந்தால்" என்று ஒருவர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அதிலிருந்து எங்கள் பயிற்சியில் ஒன்று சேர்ந்தது. உங்கள் ஊரின் எதிர்த்தரப்பில் நடுராத்திரியில் கூப்பிடக்கூடிய மூன்று பேரின் பெயரை எழுத வேண்டும். யாராலும் முதல் நாளில் மூன்று எழுத முடிவதில்லை.

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலவரத்தில் செத்தார்கள். அப்போது அந்த நாட்டு இளைஞர்கள் சிலர், எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் குறுஞ்செய்தியில் சொல்வதை வரைபடத்தில் ஏற்றும் உஷாஹிடி என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் அதே கருவி மீட்புப் பணிக்குக் கைகொடுத்தது. ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் அவசரத்துக்குச் செய்துகொண்டது இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த மாதிரிப் பரிமாற்றத்துக்குத்தான் கூடுகிறோம்.

எல்லாமே இப்படிப் பெயர்த்து நட முடியாது. தென்னாப்பிரிக்காவில் 1996இல், நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரிக்க வந்த உண்மை கண்டறியும் ஆணையம், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் விசாரணைகளைத் தொடங்கியது. குற்றம் செய்தவர் முழு உண்மையையும் சொன்னால், தண்டனை இல்லாமல் பொதுமன்னிப்பு தரும்படி கேட்கலாம் என்பது ஏற்பாடு. உலகமே பாராட்டியது. ஆனால் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட கறுப்பினப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் அந்த மன்னிப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கேயே அப்படி என்றால், அதை இலங்கையில் போர் நடந்த வன்னியில் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் கொண்டுபோய் நீட்டலாமா? இந்த விவாதத்தை நாங்கள் முடித்துவைப்பதில்லை. வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக நடத்துகிறார்கள்.

யாருடைய துன்பம் பெரியது என்று போட்டி வராதா?

வரும். முதல் இரண்டு நாளில் கட்டாயம் வரும். எண்ணிக்கையைச் சொல்லி ஆரம்பிப்பார்கள். 1994இல் ருவாண்டாவில் நூறு நாளில் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று கேட்டதும், தன் ஊரில் இறந்த நாற்பது பேரைப் பற்றிப் பேச ஒருவருக்குக் கூச்சம் வந்துவிடும். இன்னொருவருக்குக் கோபம் வரும்.

அதனால் முதல் சுற்றில் எண்களே வேண்டாம் என்கிறோம். இறந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் என்ன சாப்பிடப் பிடிக்கும் என்பார், யாரோடு சண்டை போடுவார். இஸ்ரேலிலும் பாலஸ்தீனத்திலும் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்த குடும்பங்கள் 1995 முதல் பேரன்ட்ஸ் சர்க்கிள் என்ற பெயரில் ஒன்றாக வேலை செய்கின்றன. இன்று 600க்கு மேற்பட்ட குடும்பங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். அரசியல் தீர்வு பற்றி அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அது இல்லாமலே சேர்ந்து உட்கார முடிகிறது என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்ட விரும்புவது.

ஒரே மோதலின் இரண்டு தரப்பும் ஒன்றாக வருவார்களா? அடிதடி ஆகாதா?

முடிந்தவரை இரண்டு தரப்பையும் அழைக்கிறோம். ஆனால் முதல் நாளே எதிரெதிரே உட்காரவைப்பதில்லை. தன் ஊர்ச் சண்டையைப் பற்றி எதிர்த்தரப்பு பேசினால் காது மூடிக்கொள்ளும். வேறு நாட்டுச் சண்டை என்றால் நிதானமாகக் கேட்போம், இரண்டு பக்க நியாயமும் தெரியும். கேட்டுக்கொண்டே இருக்கும்போது, "எங்கள் ஊரில் நாங்கள்தான் அந்த இடத்தில் இருக்கிறோமோ" என்ற எண்ணம் தானாக வரும். அது வந்தபிறகுதான் சொந்தப் பிரச்சினையைத் தொடுகிறோம். ஒரு நாட்டவரை மட்டும் கூட்டி இதைச் செய்வதைவிடப் பல நாட்டவரைக் கூட்டுவதை நாங்கள் விரும்புவது இதனால்தான்.

குரல் உயர்ந்ததுண்டு, எழுந்து போனதுண்டு. கை ஓங்கியதில்லை. எழுந்து போனவரைத் துரத்திக்கொண்டு போவதில்லை. சமையலறையில் எப்போதும் ஒருவர் இருப்பார், டீ இருக்கும். பெரும்பாலும் அங்கே போய்விட்டுத் திரும்பி வருவார்கள்.

மொழிக்கு என்ன செய்கிறீர்கள்?

தமிழ், ஆங்கிலம், சிங்களம், இந்தி மாறி மாறி ஓடும். மொழிபெயர்ப்பவர் "அவர் சொல்கிறார்" என்று சொல்லாமல், பேசுகிறவராகவே மாறி "என் அண்ணனைக் கூட்டிப் போனார்கள்" என்றே சொல்ல வேண்டும். கேட்பவருக்கு இது உதவும். மொழிபெயர்ப்பவருக்கு ரொம்பப் பாரமான வேலை. அதனால் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைப்பதில்லை. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவர்களே கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ளும் ஆபத்து எப்போதும் உண்டு. அதைத் தடுக்க, ஒவ்வொரு நாளையும் வேறு மொழியில் தொடங்குகிறோம்.

இப்படி உட்கார்ந்து பேசினால் போர் நின்றுவிடுமா?

நிற்காது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1993 முதல் சீட்ஸ் ஆஃப் பீஸ் என்ற முகாம் நடக்கிறது. இஸ்ரேலிய, அரபு இளையோரை ஒன்றாகத் தங்கவைத்துப் பேசவைத்த முகாம். அதில் கலந்துகொண்டவர் அசீல் அஸ்லே, இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமகன். 2000 அக்டோபரில் தன் ஊருக்கருகே நடந்த ஆர்ப்பாட்டத்தில் இஸ்ரேலியப் போலீஸ் சுட்டு இறந்தார். வயது 17. அப்போது அவர் போட்டிருந்தது அந்த முகாமின் பச்சைச் சட்டை. இந்தச் சம்பவத்தை எங்களிடம் வரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறோம். நட்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது. அதிகாரம் யார் கையில் இருக்கிறது, யார் யாரைச் சுட முடியும் என்பதைப் பேசாமல், கைகோத்துப் பாட்டுப் பாடிக் கலைகிற கூட்டம் பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறோம்.

அப்புறம் ஏன் செய்கிறீர்கள் என்றால், ஒப்பந்தம் போடுவது தலைவர்கள், அதோடு வாழ வேண்டியது தெருவில் இருப்பவர்கள். 1998இல் வட அயர்லாந்தில் அமைதி ஒப்பந்தம் ஆனது. 1969இல் தற்காலிகம் என்று தொடங்கிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2016இல் கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்கடித்தார்கள். ஆனால் 2002இல் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் குண்டு விழுந்து கொத்தாகச் செத்த பொஹாயா என்ற ஊரில் 96 சதவீதம் பேர் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அடிபட்டவர்கள் சரி என்றார்கள், தள்ளி இருந்தவர்களில் நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போய்ப் பேச ஆள் வேண்டும். அந்த ஆட்களைத் தயார்செய்ய முடியும் என்று நம்புகிறோம்.

நீதி கிடைக்காமல் சமாதானம் பேசச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருந்தே இறந்துபோனவர்களும் உண்டு. அவர்களிடம் போய் மறந்துவிடுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. எங்கள் சந்திப்பில் மன்னிப்பு என்பது பாடத்திட்டத்தில் இல்லை. மன்னிப்பதும் மறுப்பதும் இழந்தவரின் விருப்பம்.

நீலகிரி இளைஞர்களுக்கு இதில் இடம் உண்டா? இங்கே போர் ஒன்றும் நடக்கவில்லையே?

கட்டாயம் உண்டு. படுகர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர் வீட்டுப் பிள்ளைகளும், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது. கூடலூரில், ஜமீன் போன்ற பழைய நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969 ஜென்மம் நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் குடியிருப்பவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பட்டா இல்லாமல் இருக்கிறார்கள். அதே மண்ணில் அவர்களுக்கு முன்பே இருந்த பழங்குடிகளின் உரிமை என்ன என்ற கேள்வியும் நிற்கிறது. யானை ஒருவரை மிதித்துவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சாலை மறியல், வனத்துறையோடு தகராறு. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஒரு இளைஞர் இருந்தால் நிலைமை மாறும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இந்தப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள் சில சமயம் நமக்கே தோன்றாதவை.

என் மகனை, மகளை அனுப்பினால் போலீஸ், அரசியல் என்று சிக்கலாகுமா?

நியாயமான பயம். சந்திப்பில் படம் எடுப்பதில்லை, எதையும் பதிவு செய்வதில்லை. பேசியதை வெளியே சொல்லலாம், யார் பேசியது என்று சொல்லக் கூடாது. சமூக ஊடகத்தில் ஒருவரை ஒருவர் டேக் செய்வதும் கூடாது. இங்கே சிரித்துக்கொண்டு எடுத்த ஒரு படம் ஊரில் ஒருவர் உயிருக்கே ஆபத்தாகலாம். வெளிநாட்டவர் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு உரிய விசாவில்தான் வர வேண்டும், சுற்றுலா விசா வேண்டாம். தங்குபவர் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் முறைப்படி பதிவு செய்துவிடுகிறோம். ஒளித்துச் செய்வது எதுவும் இல்லை.

எப்போது, எப்படி வருவது?

அக்டோபர், நவம்பரில் வைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை இந்தப் பக்கம்தான் அடித்துப் பெய்யும், மண் சரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. வெளியூர் வண்டியில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துவிடுங்கள். ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தங்கவும் சாப்பிடவும் காசு வாங்குவதில்லை. பயணச் செலவை முடிந்தவர்கள் போட்டுக்கொள்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு?

அங்கேதான் உண்மையான சிரமம். இங்கே எதிர்த்தரப்போடு ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டவர், ஊரில் அதைச் சொன்னால் துரோகி என்பார்கள். நண்பர்களே விலகுவார்கள். சொல்லாமல் இருந்தால் உள்ளேயே அரிக்கும். இதற்காகவே கடைசி நாட்களைத் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்குகிறோம். முதலில் யாரிடம் சொல்வீர்கள், அம்மாவிடம் என்ன சொல்வீர்கள், கேலி செய்தால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாக ஒத்திகை பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் வேறு நாட்டிலிருந்து ஒரு துணை. மாதம் ஒருமுறையாவது இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். தன் ஊர் ஆளிடம் சொல்ல முடியாததை அந்தத் துணையிடம் சொல்லலாம். பலருக்கு எங்கள் பயிற்சி எல்லாவற்றையும்விட அதுதான் உதவியிருக்கிறது.

விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும்?

ஒரு பக்கம் போதும், எந்த மொழியிலும் எழுதலாம். உங்கள் ஊரில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தரப்பு அதை எப்படிச் சொல்கிறது என்று பாதிப் பக்கம், எதிர்த்தரப்பு எப்படிச் சொல்லும் என்று மீதிப் பாதி. இரண்டாவது பாதியை எழுத முடியாமல் திணறினால், எந்த இடத்தில் திணறினீர்கள் என்பதையே எழுதி அனுப்புங்கள். அதுவும் எங்களுக்குச் சம்மதம்தான்.